அலியா டைசனா? டீக்கடைல மூக்கு ஒடையாம வாதம் பண்றது எப்புடி

ராயபுரம் கல்மண்டபம் பக்கம் நாங்க உக்கார்ற டீக்கடைல ஞாயித்துக்கெழம காலைல ரெண்டு மேட்டருதான் ஓடும். ஒன்னு காசிமேட்டுல அன்னிக்கு வஞ்சிரம் இன்னா ரேட்டு, இன்னொன்னு பாக்ஸிங்ல ஹெவிவெயிட்ல, அதான் இருக்கறதுலயே பெரிய வெயிட்டு பிரிவுல, எவன் பெரியாளு. வஞ்சிரம் மேட்டரு ஒரு டீ முடியறதுக்குள்ள முடிஞ்சுரும். ரெண்டாவது மேட்டரு எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து ஓடிக்கினே இருக்கு. அதுல பேசி நிக்கறதுக்கு ஒரு வழி இருக்கு, ஒரு இருவது வருஷமா எல்லார் கிட்டயும் அசிங்கப்பட்டுதான் அத்த கத்துக்கினேன், புதுசா வந்து உக்கார்ற பசங்க நான் பட்ட பாட்டப் படவேணாமேன்னு எழுதறேன்.

மொதல்ல எதிர்ல உக்காந்திருக்கறது யாருன்னு பாரு. சார்பட்டா, இடியப்பன்னு பரம்பரை பிரிஞ்சு க்ளவுஸ் மாட்டின ஊரு இது. ஓரமா பீடி வலிச்சிக்கினு பேப்பர் படிக்கற பெர்சு ஒரு காலத்துல பத்து மேட்ச் ஆடினவரா இருப்பாரு, மூக்கப் பாத்தாலே தெரிஞ்சுரும். அவரு முன்னாடி நேத்து ராத்திரி யூடியூப்ல பாத்தத வெச்சு உதாரு உட்டா அவரு ஒன்னும் சொல்லமாட்டாரு, சொம்மா ஒரு கேள்வி கேப்பாரு, அவ்ளோதான் உன் கெத்து காலி.

அந்தக் கேள்வி இன்னான்னு சொல்றேன். போன மாசம் தண்டையார்பேட்டலேர்ந்து ஒரு காலேஜ் பையன் வந்தான், எங்க தெரு பையனோட ஃப்ரெண்டு, மொபைல நீட்டி டைசன் ரீல் ஒன்னு காட்டி "இவன் முன்னாடி உலகத்துல எவனும் நிக்க முடியாதுணா"ன்னான். எங்க பெரியப்பா கண்ணாடியத் தூக்கிக்கினு ரீலப் பாத்தாரு, பாத்துட்டு "எந்த டைசன்பா?"ன்னாரு. பையன் முழிக்கறான். டைசன்னா ஒரு டைசன்தானே?

இல்ல. 1988 ஜூன் 27ல மைக்கேல் ஸ்பிங்க்ஸ 91 செகண்டுல படுக்க வெச்சவன் ஒரு டைசன். 1990 பிப்ரவரி 11ல டோக்கியோல பஸ்டர் டக்ளஸ் கிட்ட பத்தாவது ரவுண்டுல உழுந்து, தரைல மவுத்பீஸத் தேடி எடுத்து வாய்ல அரகொறையா கடிச்சிக்கினு எழுந்திருக்கப் பாத்தவன் இன்னொரு டைசன். நடுவுல ரெண்டு வருஷம் கூட இல்ல. 2002ல லெனாக்ஸ் லூயிஸ் கிட்ட எட்டாவது ரவுண்டுல மல்லாந்தவன் மூனாவது டைசன். நீ எவனப் பத்திப் பேசற?

அதனால பேரு மட்டும் சொல்றவன் கிட்ட வாதமே வெச்சுக்காத. தேதி கேளு. அலின்னு சொன்னா எந்த அலி? 1966 நவம்பர்ல ஹூஸ்டன்ல க்ளீவ்லேண்ட் வில்லியம்ஸ மூனு ரவுண்டுல முடிச்ச அலி காலு தரைல படாது, அடிச்சது எங்கேர்ந்து வந்துச்சுன்னே தெரியாது. அப்பால வியட்நாம் போருக்குப் போக மாட்டேன்னதும் லைசன்ஸப் புடுங்கிட்டாங்க, 1967 மார்ச்லேர்ந்து 1970 அக்டோபர் வரைக்கும் ஒரு மேட்ச் கெடையாது, அது ஒரு ஆம்பளைக்கு 25லேர்ந்து 28 வயசு, பாக்ஸருக்கு அதான் தங்கமான வயசு. திரும்பி வந்த அலி வேற ஆளு, காலு கொறஞ்சுபோச்சு, ஆனா அடி தாங்கறது எவ்ளோன்னு ஊருக்குக் காட்டினான். 1974 அக்டோபர் 30ல ஆப்பிரிக்கால கின்ஷாசால அப்ப சாம்பியனா இருந்த ஜார்ஜ் ஃபோர்மேன கவுத்தது இந்த ரெண்டாவது அலிதான். 1980 ஜனவரில அலி நம்ம மெட்ராஸுக்கே வந்தாரு, எம்ஜிஆர் ஆட்சி, நேரு ஸ்டேடியத்துல ஜிம்மி எல்லிஸ் கூட எக்ஸிபிஷன் மேட்ச். பெரியப்பா போய்ப் பாத்தவரு. நாப்பத்தஞ்சு வருஷமா அத்த சொல்லிக்கினே இருக்காரு, ஆனா வாதத்துல ஒரு நாளும் அத்த சாட்சியா கொண்டாந்ததில்ல. கேட்டா "நான் பாத்தது பென்ஷன் அலிடா"ம்பாரு. அதாண்டா நேர்மை.

தேதி முடிவாச்சா, அடுத்து இன்னா கேள்விய வெச்சு சண்டன்னு முடிவு பண்ணு. பாதி சண்ட இங்கதான் பேஜாராவுது, ஒருத்தன் "ரெண்டு பேரும் ரிங்குல எறங்குனா யாரு ஜெயிப்பா"ன்னு பேசுவான், இன்னொருத்தன் "யாரு பெரிய சாம்பியன்"ன்னு பேசுவான், ரெண்டும் ஒன்னுன்னு நெனச்சிக்கினு ரெண்டு பேரும் கத்துவானுங்க. ஜாக் ஜான்சன எடு. 1908ல சிட்னில டாமி பர்ன்ஸ அடிச்சு மொத கருப்பின ஹெவிவெயிட் சாம்பியன் ஆனான், 1910 ஜூலை 4ல ரீனோல வெள்ளக்கார முன்னாள் சாம்பியன் ஜெஃப்ரீஸ அடிச்சப்ப அமெரிக்கால பல ஊர்ல கலவரமே வெடிச்சுது. அந்த வெயிட்டுக்கு முன்னாடி வேற எவன் பெல்ட்டும் நிக்காது. ஆனா ஜான்சனும் லெனாக்ஸ் லூயிஸும் ரிங்குல எறங்கினா ஜான்சன் ஜெயிப்பான்னு நீ சொன்னா நான் டீய வெச்சுட்டு எழுந்து போயிருவேன். கெத்து வேற, குத்து வேற.

சரி, குத்தப் பத்தி பேசறதுன்னா எப்புடிப் பாக்கறது? ரீல நம்பாத, ரீலு கல்யாண ஆல்பம் மாதிரி, மாப்ள அழுதது அதுல இருக்காது. முழு மேட்ச் பாரு, கமெண்டரிய ம்யூட் பண்ணு, ஏன்னா கமெண்டேட்டரு யாரு ஜெயிக்கணும்னு நெனைக்கறானோ அவன் குத்துறதுதான் ஒன் கண்ணுக்குத் தெரியும். மொத தடவ ஒருத்தனோட காலு மட்டும் பாரு. ரெண்டாவது தடவ அவன் ஜாப், அதான் முன்கையால நேரா உடற குத்து, போட்டுட்டு கைய எங்கத் திரும்பக் கொண்டாரான்னு பாரு. மூனாவது தடவ, இதான் முக்கியம், அவன் அடி வாங்கின அடுத்த அஞ்சு செகண்டு இன்னா பண்றான்னு பாரு. கட்டிப் புடிக்கறானா, பின்னாடி போறானா, கோவத்துல திருப்பி வீசறானா. ஒருத்தன் எப்பேர்ப்பட்டவன்னு அந்த அஞ்சு செகண்டுல தெரிஞ்சுரும். அப்பறம் ஒன்னு, ஜான்சன், டெம்ப்ஸின்னு நூறு வருஷத்துக்கு முந்தின சாம்பியனுங்க காலத்துப் படத்தப் பாத்து "இன்னாடா இப்புடி பொம்ம மாதிரி குதிக்கறானுங்க"ன்னு சிரிக்காத, அந்தப் பழைய படம்லாம் ஓட வேண்டிய ஸ்பீடுல ஓடறதில்ல, அதனாலதான் வெட்டி வெட்டித் தெரியுது.

இப்புடிப் பாத்தா நீ நெனச்சது நெறய மாறும். அலிக்கு கை கீழ தொங்கும், குத்து வந்தா தலைய பின்னாடி சாய்ப்பான், எந்த வாத்தியாரும் தன் பையனுக்கு அத்த சொல்லித்தர மாட்டாரு. அதனாலயே லெஃப்ட் ஹுக், அதான் எடது கைய பக்கவாட்டுல வளச்சு உடற குத்து, அவனுக்கு ஆவாது. 1963ல ஹென்றி கூப்பர் லெஃப்ட் ஹுக்லதான் தரைல உக்கார வெச்சான், 1971 மார்ச் 8ல கடைசி ரவுண்டுல ஜோ ஃப்ரேசர் படுக்க வெச்சதும் அதே லெஃப்ட் ஹுக். ஒடம்புல குத்தறதும் அலிக்கு கம்மி. இத்த சொன்னா அலி ஃபேன்ஸ் அடிக்க வருவானுங்க, வரட்டும். கின்ஷாசா மேட்ச்ச எல்லாரும் "கயித்துல சாஞ்சிக்கினு அடி வாங்கினான், ஃபோர்மேன் டயர்டாயிட்டான்"ன்னு ஒரே வரில முடிச்சுருவாங்க. மொத ரவுண்ட ஒழுங்கா பாரு. அலி ஜாப் இல்லாம நேரா ரைட் கைய உட்டுக்கினே இருப்பான், ஃபோர்மேன் மாதிரி ஒருத்தன் முன்னாடி அது பைத்தியக்காரத்தனம், ஃபோர்மேன் எதிர்பாக்கவே இல்ல. அத்த பாத்துட்டு வந்து பேசற பையனுக்கு எங்க கடைல மரியாத உண்டு.

டைசன் கிட்ட தலைய ஆட்டிக்கினு உள்ள வந்து, வெலாவுல ரைட் ஹுக், அதே கையால தாடைக்கு கீழேர்ந்து மேல அப்பர்கட், இந்த ரெண்டும் எத்தன தடவ பாத்தாலும் சலிக்காது. 1986ல சாம்பியன் ஆனப்ப அவனுக்கு 20 வயசுதான், இன்னிக்கி வரைக்கும் ஹெவிவெயிட்ல அவன விட சின்ன வயசுல எவனும் ஆனதில்ல. ஆனா டக்ளஸ் இன்னா பண்ணான்? பெருசா ஒன்னும் பண்ணல, நீட்டமான ஜாப்பப் போட்டுக்கினே இருந்தான், பயப்படல. வளத்த வாத்தியார் கஸ் டமாட்டோ 1985லயே செத்துட்டாரு, ட்ரெயினர் கெவின் ரூனியயும் 1988 கடைசில அனுப்பிட்டான், தலைய ஆட்டச் சொல்றதுக்கு கார்னர்ல, அதான் ரவுண்டுக்கு நடுவுல உக்கார்ற மூலைல, ஆளு இல்ல. தல நின்னுபோச்சு, குத்து வந்துச்சு.

அடுத்தது எதிராளி. எவன அடிச்சான்றத விட அன்னிக்கி அவன் எப்புடி இருந்தான்றதுதான் கணக்கு. இதுல நல்லா மாட்டறவன் ராக்கி மார்சியானோ. 49 மேட்ச், 49லயும் ஜெயிப்பு, அதுல 43 நாக்அவுட், தோக்காமயே 1956ல ஒதுங்கிட்டான். பேப்பர்ல பாத்தா கடவுளு. எதிராளி வயசப் பாரு. 1951ல அவன் அடிச்ச ஜோ லூயிஸுக்கு 37 வயசு, கடன் கட்டறதுக்காக ஆடிக்கினு இருந்தாரு. ஜெர்சி ஜோ வால்காட்டுக்கு 38. ஆர்ச்சி மூர் ஒரு கெழவன், ஆனா பயங்கரமான கெழவன். இங்கயே நிறுத்திட்டா நீ அரகொற. 1952 செப்டம்பர்ல அந்த 38 வயசு வால்காட் மொத ரவுண்டுலயே மார்சியானோவ கீழ போட்டான், பன்னெண்டு ரவுண்டு வரைக்கும் பாயிண்ட்லயும் முன்னாடி இருந்தான். பதிமூனாவது ரவுண்டுல கயித்துப் பக்கம் ஒரு சின்ன ரைட் கை, ஒரு முழம் கூட இருக்காது, வால்காட் கயித்தப் புடிச்சிக்கினே மடங்கிட்டான். 1954ல எஸ்ஸார்ட் சார்ல்ஸ் கூட ரெண்டாவது மேட்ச்ல மூக்கு ரெண்டா பொளந்து ரத்தம் ஊத்துது, மேட்ச்ச எந்நேரமும் நிறுத்திருவாங்கன்ற நெலமை, எட்டாவது ரவுண்டுல முடிச்சுட்டான். ஒசரம் 5 அடி 10 இன்ச், வெயிட்டு 84 கிலோ சொச்சம், கையோ குட்ட. அலிக்கு முன்னாடி சாம்பியனா இருந்த சன்னி லிஸ்டனுக்கு ரீச், அதான் ரெண்டு கையயும் விரிச்சா வர்ற நீளம், 84 இன்ச், மார்சியானோவுக்கு 70 கூட இல்ல. லிஸ்டன் கூட போட்டா இன்னா ஆவும்னு கேட்டா எனக்கே கொஞ்சம் பாவமாதான் இருக்கு.

லேரி ஹோம்ஸ் மேட்டருலயும் இதே கணக்குதான், ஆனா தலகீழா. 1980 அக்டோபர்ல 38 வயசு அலிய அடிச்சத அவன் கணக்குல சேக்காத, அவனே சந்தோஷப்படல. 1978ல கென் நார்ட்டன் கூட 15 ரவுண்டு, கடைசி ரவுண்டுல உயிரக் குடுத்து ஆடி பெல்ட்ட வாங்கினான் பாரு, அத்த சேத்துக்கோ. 1979ல ஏர்னி ஷேவர்ஸ் ரைட் கைல அவன் உழுந்த மாதிரி நான் உழுந்திருந்தா இன்னிக்கும் எழுந்திருக்க மாட்டேன், அவன் எழுந்து பதினோராவது ரவுண்டுல ஷேவர்ஸ முடிச்சான். இருவது தடவ பெல்ட்ட காப்பாத்தினவன், ஜாப்புன்னா அதான் ஜாப்பு. 48 மேட்ச் தோக்காம வந்து, மார்சியானோ நம்பருக்கு ஒன்னே ஒன்னு பாக்கி இருக்கறப்ப 1985ல அதே மைக்கேல் ஸ்பிங்க்ஸ் கிட்ட தோத்தான். டீக்கடைல அவன் பேர எவனும் எடுக்கறதில்ல, எனக்கு அதுல ரொம்ப வருத்தம்.

தோத்த மேட்ச்ச மறைக்காத, அதுலதான் சரக்கே இருக்கு. லெனாக்ஸ் லூயிஸ் ரெண்டு பேர் கிட்டதான் தோத்தான், 1994ல மெக்கால், 2001ல ரஹ்மான், ரெண்டு தடவயும் ஒரே ரைட் கைல மல்லாந்தான், "கண்ணாடி தாட"ன்னு கலாய்ப்பானுங்க. ஆனா ரெண்டு பேரையும் திரும்ப கூப்புட்டு அடிச்சான். பயத்துல ஜகா வாங்கினவன் கெடையாது. ஃபோர்மேனு அலி கிட்ட தோத்து, 1977ல ஆட்டத்த உட்டுட்டு சர்ச்சுல பிரசங்கம் பண்ணப் போயிட்டு, பத்து வருஷம் கழிச்சு தொப்பையோட திரும்பி வந்து, 1994 நவம்பர் 5ல 45 வயசுல சாம்பியன் மைக்கேல் மூரர பத்தாவது ரவுண்டுல சாச்சான். கின்ஷாசால போட்டிருந்த அதே ட்ரவுசரு. கார்னர்ல யாரு? ஏஞ்சலோ டண்டி, அன்னிக்கு அலியோட கார்னர்ல நின்ன ஆளு. பாயிண்ட்ல பின்னாடி இருந்தான், ஒரே ரைட் கை. இத்த சினிமால வெச்சா காது குத்தறான்னு சொல்லுவோம்.

ரூல்ஸையும் பாத்துக்கோ. நெறய பேரு இங்க கோட்ட உடுவாங்க. அப்ப டைட்டில் மேட்ச் 15 ரவுண்டு. 1982ல தென்கொரியாவோட கிம் டுக்கூ லாஸ் வேகாஸ் மேட்ச்சுக்கப்பறம் செத்துப்போனதும் 12ஆ கொறைக்க ஆரம்பிச்சாங்க. இன்னிக்கி ரூல்ல பாத்தா அந்த 1952 மேட்ச்ல வால்காட்தான் ஜெயிச்சிருப்பான். 1941ல ஜோ லூயிஸ் மேல பில்லி கானும் ஜெயிச்சிருப்பான், அவனும் பன்னெண்டு ரவுண்டு முன்னாடி இருந்து பதிமூனாவதுல நாக்அவுட் ஆசப்பட்டு மாட்டினவன். ஆனா இதுக்கு மறுபேச்சும் இருக்கு, 12 ரவுண்டுன்னு தெரிஞ்சிருந்தா லூயிஸு முன்னாடியே வேகம் எடுத்திருப்பாரு இல்ல? அதே மாதிரி 1919ல டெம்ப்ஸி, 6 அடி 6 இன்ச் இருந்த அன்னிக்கு சாம்பியன் வில்லார்ட மொத ரவுண்டுல ஏழு தடவ உழவெச்சான்னு சொல்லுவாங்க, உண்மதான், ஆனா உழுந்தவன் தலைக்கு மேலயே நின்னுக்கினு எழுந்திருக்க எழுந்திருக்க அடிக்கறான், இப்ப மாதிரி கார்னருக்குப் போய் நிக்கணும்னு அப்ப கண்டிப்பு இல்ல. அந்த ரூல் வந்தப்பறம் 1927ல சாம்பியன் ஜீன் டனிய கீழ போட்டுட்டு கார்னருக்குப் போவாம நின்னதுலதான் அவனுக்கே ஆப்பு, கவுண்ட் லேட்டா ஆரம்பிச்சு டனி எழுந்துட்டான்.

கம்ப்யூட்டர் சொல்லுச்சுன்னு எவனாவது வந்தா 1970 கதைய எடுத்து உடு. அலியயும் மார்சியானோவயும் கூட்டிக்கினு வந்து பொய்யா குத்திக்கச் சொல்லி படம் புடிச்சு, யாரு ஜெயிப்பான்னு கம்ப்யூட்டர் சொன்னதா தேட்டர்ல ஓட்டினாங்க. அமெரிக்கால மார்சியானோ பதிமூனாவது ரவுண்டுல நாக்அவுட். பாவம் மார்சியானோ, ரிலீஸ் ஆவறதுக்கு முன்னாடியே 1969ல ப்ளேன் விபத்துல செத்துட்டான். வேற நாட்டுல அலி ஜெயிக்கற மாதிரி முடிவு வெச்சதும் உண்டு. அதாவது கம்ப்யூட்டருக்கே கூட்டத்தப் பாத்துதான் தீர்ப்பு.

பேரு, பெருமைன்னு பேசறப்ப யாரு உள்ளயே உடப்படலன்னும் கேக்கணும். ஜான்சன் 1915ல ஹவானால வில்லார்ட் கிட்ட தோத்ததுக்கப்பறம் 1937 வரைக்கும், 22 வருஷம், ஒரு கருப்பினத்தான் கூட பெல்ட்டுக்கு ஆட முடியல. சாம் லாங்ஃபோர்டுக்கு கடைசி வரைக்கும் சான்ஸு வரல, ஹாரி வில்ஸ் டெம்ப்ஸிக்காக காத்துக் காத்தே கெழவனானான். இதுல ஜான்சனும் யோக்கியன் இல்ல, சாம்பியன் ஆனப்பறம் லாங்ஃபோர்ட ஒதுக்கித்தான் வெச்சான். கெட்டதயும் மறைக்காத. டைசன் 1992ல பாலியல் வன்கொடும வழக்குல ஜெயிலுக்குப் போனவன், அத்த "சொந்த வாழ்க்க"ன்னு ஓரமா ஒதுக்கினா நான் ஒத்துக்க மாட்டேன். அலி, தனக்கு லைசன்ஸ் திரும்பக் கெடைக்கணும்னு பேசின ஃப்ரேசரயே கொரில்லான்னு கூப்புட்டு ஊரெல்லாம் சிரிக்க வெச்சாரு, ஃப்ரேசர் ரொம்ப நாளைக்கு அத்த மறக்கல. வெள்ளையும் சொள்ளையுமா இருக்கறவன் கத பேசணும்னா பாக்ஸிங்குக்கு ஏன் வர்ற?

இதெல்லாம் சொல்லிட்டு என் ஆளு யாருன்னு சொல்லாம போனா அது டகால்டி. என் ஆளு ஜோ லூயிஸு. தேதி, 1938 ஜூன் 22. ரெண்டு வருஷம் முன்னாடி ஜெர்மன்காரன் ஷ்மெலிங் அவர பன்னெண்டாவது ரவுண்டுல சாச்சிருந்தான், காரணம் ஒரே ஒரு தப்பு, ஜாப் போட்டுட்டு லெஃப்ட் கைய கீழ உட்டுருவாரு, அந்த சந்துல ஷ்மெலிங் ரைட்ட எறக்கிக்கினே இருந்தான். அந்த சந்த அடச்சுட்டு வந்து அதே ஷ்மெலிங்க 124 செகண்டுல சாச்சாரு, மேட்ச் ஓவர். ஒரு குத்து கூட வீண் இல்ல, காலு ரெண்டும் சின்னச் சின்ன அடியா நவுருது, குதிக்கறதே இல்ல. சாம்பியனா பதினோரு வருஷத்துக்கு மேல, 25 தடவ பெல்ட்ட காப்பாத்தினாரு, எதிராளிங்கள்ல சில பேரு மொக்கதான், ஒத்துக்கறேன். போர் நேரத்துல ரெண்டு மேட்ச் காச ராணுவ நிதிக்குக் குடுத்தாரு, அப்பறம் அதே அரசாங்கம் டாக்ஸு பாக்கின்னு கழுத்தப் புடிச்சுது, அதுக்காகத்தான் வயசான காலத்துல மார்சியானோ கிட்ட அடி வாங்கினாரு.

பெரியப்பா ஒத்துக்க மாட்டாரு. 1966 அலியப் போட்டா லூயிஸு காலு பத்தாதுன்றாரு. அலிக்கு அந்த வருஷம் எவனும் லெஃப்ட் ஹுக் ஒழுங்கா போடல, லூயிஸு போடுவாருன்றேன். மூனு வாரமா இதான் ஓடுது. தோக்கறவன் டீ, பட்டர் பிஸ்கட்டு காசு குடுக்கணும்னு பேச்சு, இதுவரைக்கும் எவனும் தோக்காததால கடக்காரரு நோட்டுல எழுதிக்கினு வர்றாரு, போன வாரம் வரைக்கும் 340 ரூபா. அந்த தண்டையார்பேட்ட பையன் நேத்து திரும்ப வந்தான். ரீலு காட்டல. பேப்பர்ல எழுதிக்கினு வந்திருந்தான், "டைசன், 1988 ஜூன் 27". பெரியப்பா பெஞ்சுல நவுந்து எடம் குடுத்தாரு.